98 சதவீதப் பொருத்தம்

பெறுநர்: மகா மேன்மை தங்கிய பரிந்துரை இயந்திரம் அவர்கள், மாதம் பிறந்தால் என் வங்கிக் கணக்கில் தவறாமல் கை வைக்கும் ஓ.டி.டி. நிறுவனம்.

பொருள்: தேவரீர் எனக்கு விடாமல் அனிமே வரன் பார்த்து வருவது தொடர்பாக.

சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து அடியேன் தெண்டன் சமர்ப்பித்து எழுதும் விண்ணப்பம்.

போன ஞாயிற்றுக்கிழமை என் அக்கா பெண்ணைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். கேசரி, பஜ்ஜி எல்லாம் முறைப்படி நடந்தது. தாய்மாமன் என்ற ஹோதாவில் நான் சலவை வேட்டியோடு நடுநாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பையனின் பெரியப்பா, "ஸ்கோர் என்னன்னு பாக்கலாங்களா?" என்றார். ரிமோட்டை அமுக்கினேன். கிரிக்கெட் வருவதற்குள் தேவரீர் முந்திக்கொண்டீர்கள். அரை முழம் துணியும் கூர்க்காதுமாக, கையில் வாளோடு ஒரு பெண் திரை முழுக்க நின்றாள். டிரெய்லர் தானாக ஓட, அவள் சிரித்த சிரிப்பு சமையலறை வரைக்கும் கேட்டது. மேலே கொட்டை எழுத்தில் 'மாமாவுக்காகவே' என்று இருந்தது. அக்கா பிள்ளைகள் என் கணக்குக்கு வைத்த பெயர் அது. கீழே பச்சை எழுத்தில் '98% பொருத்தம்'.

பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு படித்தார். "பொண்ணு ஜாதகத்துக்கே எட்டுப் பொருத்தந்தான் வந்துச்சு. மாமாவுக்குப் பரவால்ல, நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு" என்றார். பிறகு எல்லோரும் எழுந்து, வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்வதாகச் சொல்லிப் போனார்கள். இன்னும் கலந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. தேவரீரின் கணக்கு தப்புமா? எந்த ஜாதகத்தை வைத்து அந்தக் கூர்க்காதுப் பெண்ணை எனக்கு முடித்தீர்கள் என்று தெரிந்துகொள்ளும் ஆசைதான்.

நான் கடைசியாகப் பார்த்து முடித்தது 'மார்ச் கம்ஸ் இன் லைக் எ லயன்' என்ற அனிமே தொடர். 2022-இல் மாமல்லபுரத்தில் 44-ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்ததும், வேட்டி சட்டை போட்ட குதிரைத் 'தம்பி' திரும்பிய பக்கமெல்லாம் நின்றதும், பதினாறு வயது குகேஷ் அங்கே முதல் எட்டு ஆட்டத்தையும் வரிசையாக ஜெயித்ததும் தங்களுக்குத் தெரிந்திருக்கும். இந்த வயதில் இவ்வளவு ஜெயிக்கிற பையன் ராத்திரி அறைக்குப் போய் என்ன நினைப்பான் என்று எனக்கு ஒரு குறுகுறுப்பு. அதுதான் என்னை இந்தத் தொடருக்கு இழுத்துக்கொண்டு போனது. ஜப்பானியச் சதுரங்கமான ஷோகியைத் தொழிலாக ஆடும் பதினேழு வயது ரேய் கிரியாமா, டோக்கியோவில் ஆற்றங்கரையில் தனியாக இருக்கிறான். ஆற்றைத் தாண்டினால் மூன்று சகோதரிகள் தாத்தாவோடு இருக்கிறார்கள். அவனைக் கூட்டிவந்து சோறு போடுகிறார்கள். நடுத்தங்கை ஹினாட்டா, பள்ளியில் ஒதுக்கப்பட்ட சிநேகிதிக்குத் துணை நின்றதற்காகத் தானும் ஒதுக்கப்படுகிறாள். தான் செய்தது தப்பில்லை என்று அவள் அழுதுகொண்டே சொல்லும் இடத்தில் நான் டிவியை நிறுத்திவிட்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டேன்.

தேவரீர் இதில் பார்த்தது என்ன? பையன் ஒண்டிக்கட்டை. எதிர்க்கரையில் மூன்று பெண்கள். முடிந்தது கதை! ஒரு பையனைச் சுற்றி ஏழெட்டுப் பெண்கள் தடுக்கி விழும் தொடர்களாக வரிசை கட்டிவிட்டீர்கள். தினம், கணம், யோனி, ரஜ்ஜு எல்லாம் அமோகம். இன்னொரு வரிசையில் சிங்கக்குட்டி கார்ட்டூன்கள்; தலைப்பில் 'லயன்' இருந்ததே, அதற்காக. எங்கள் ஊர்ப் பாடலாத்ரி நரசிம்மருக்கே மூன்று கண். அர்ச்சகர் தீபத்தை உயர்த்தி, நெற்றித் திருமண்ணை விலக்கிக் காட்டினால்தான் மூன்றாவது கண் தெரியும். அத்தனை கண் இருந்தும் அவர் என் வீட்டு ஹாலில் வந்து சம்பந்தம் பேசியதில்லை.

அடுத்தது தேவரீருக்கு மிகவும் பிடித்த ஜாதி, இசெக்காய். ஆள் செத்து வேறொரு உலகத்தில் கண் விழிக்கிற கதை. 'முஷோகு டென்செய்' லாரி மோதித்தான் தொடங்குகிறது. இன்னொன்றில் கத்திக்குத்துப் பட்டவன் கொழகொழ ஸ்லைமாகப் பிறக்கிறான். 2023-இல் வந்த ஒன்றில் வெண்டிங் மெஷினாகவே பிறந்துவிட்டான். அதையும் 98% என்று என் தலையில் கட்டப் பார்த்தீர்கள். நான் இருப்பது ஜி.எஸ்.டி. ரோட்டு ஊர். ஒரகடத்துக்குத் திரும்பும் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பால் வாங்கப் போய் வருகிறவர்கள் நாங்கள். இங்கே லாரி அடித்தால் யாரும் மந்திரவாதியாகப் பிறப்பதில்லை. போஸ்ட்மார்ட்டத்துக்குச் செங்கல்பட்டு அரசு ஆஸ்பத்திரி வாசலில் அவன் அண்ணன் தம்பிகள் நிற்கிறார்கள், அவ்வளவுதான். அதைப் பார்த்தவன் வீட்டு டிவியில் ராத்திரி பதினொரு மணிக்கு லாரியை ஏற்றிவிட்டு 'உங்களுக்குப் பிடிக்கும்' என்று சொல்ல உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது?

பொறுத்தருள வேண்டும். தேவரீர் கோபித்துக்கொண்டு சந்தாவை ஏற்றிவிடக் கூடாது.

தங்கள் குலப் பெருமை எனக்குத் தெரியாததல்ல. 2006-இல் தங்கள் பங்காளி நெட்பிளிக்ஸ், தன் கணிப்பைப் பத்து சதவீதம் துல்லியமாக்கினால் பத்து லட்சம் டாலர் என்று பந்தயம் கட்டியது. உலகத்துக் கணக்குப்புலிகள் மூன்று வருஷம் மண்டையை உடைத்து, 2009-இல் ஒரு குழு பணத்தை வாங்கிக்கொண்டு போனது. ஜெயித்த முறையை நெட்பிளிக்ஸ் முழுசாக உபயோகிக்கவே இல்லை. பலனுக்கு மேல் வேலை வைக்கிறது என்று விட்டுவிட்டது. அந்தப் பந்தயமே, பார்த்தவர் எத்தனை நட்சத்திரம் போடுவார் என்று முன்கூட்டிச் சொல்வதற்குத்தான். எதற்காகப் போடுவார் என்று கேட்க ஒரு டாலர்கூட யாரும் ஒதுக்கவில்லை. தாங்களும் அந்த மரபு கெடாமல் நடந்துகொள்கிறீர்கள். இதைப் பார்த்த ஆயிரம் பேர் அதையும் பார்த்தார்கள், ஆகவே மாமாவும் பார்ப்பார். அந்த ஆயிரத்தில் எத்தனை பேர் ரிமோட் மேல் தெரியாமல் உட்கார்ந்தவர்களோ!

எங்கள் பஜாரில் முன்பு ஒரு சி.டி. கடை இருந்தது. அந்தக் கடைப் பையன் ஒருநாள் நான் எடுத்த படத்தைக் கையிலிருந்து வாங்கி வைத்துக்கொண்டான். "இது இன்னிக்கு வேணாண்ணே. அழுதுருவீங்க. நாளைக்கு வேலைக்குப் போவணும்ல? சனிக்கிழம வாங்க, தரேன்." படம் 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃப்ளைஸ்'. இசாவோ டக்காஹட்டா எடுத்தது, போர்க்காலத்தில் பட்டினி கிடக்கும் ஓர் அண்ணன் தங்கை கதை. சனிக்கிழமை வாங்கிப் பார்த்தேன். அவன் சொன்னது போலவே ஆயிற்று. வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவனைத்தான் நான் தரகன் என்பேன். தேவரீரின் வாயில் அந்தச் சொல் என்றைக்காவது வந்திருக்கிறதா?

அதே படத்தைப் போன மாதம் தங்களிடம் மறுபடி பார்த்தேன். குழந்தை போய்விட்டது. பெயர்ப்பட்டியல் ஓடத் தொடங்கியது. படத்தை மூலைக்குச் சுருக்கித் தள்ளிவிட்டு 'அடுத்து' என்றீர்கள். ஒரு காமெடித் தொடர். 5, 4, 3... செத்த வீட்டில் அழுது முடிக்கக்கூட அஞ்சு நிமிஷம் தரமாட்டீர்களா? என்ன ஜென்மம் நீங்கள்?

ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுத்துவிடுகிறேன். 1988 ஏப்ரலில் அந்தப் படத்தையும் 'மை நெய்பர் டோட்டோரோ' என்ற குதூகலமான குழந்தைகள் படத்தையும் ஜப்பானில் ஒரே டிக்கெட்டில் சேர்த்து ஓட்டினார்கள். தேவரீரின் ஆத்மா அன்றைக்கே எங்கோ அவதரித்துவிட்டது போலிருக்கிறது. 98%.

போகட்டும், மனிதன் பார்த்த ஒரு பொருத்தத்தையும் சொல்கிறேன். ஜுன் எடோகி என்ற ஜப்பானிய சினிமா விமர்சகர் சிங்கப்பூரில் 'முத்து' பார்த்தார். தமிழ் தெரியாது, சப்டைட்டிலும் கிடையாது. ஆனாலும் இது நம் ஊரில் ஓடும் என்று அவர் மனசு சொல்லியிருக்கிறது. அவர் முயற்சியால் 1998-இல் ஜப்பானில் வெளியான படம் அங்கே மாதக்கணக்கில் ஓடியது. ரஜினிக்கு இன்றைக்கும் ஜப்பானில் ரசிகர்கள் இருப்பது அதனால்தான். அன்றைய டோக்கியோ ரசிகர் ஒருவரின் ஜாதகத்தைத் தங்கள் கையில் கொடுத்திருந்தால் முத்துவுக்கு என்ன போட்டிருப்பீர்கள்? இரண்டு சதவீதமா? ரஜ்ஜு தட்டுகிறது என்று கட்டத்தை மடக்கி வைத்திருப்பீர்கள்.

இந்த ஊர்ப் பிள்ளைகளும் தங்களுக்காகக் காத்திருக்கவில்லை. ஷின்சான் கார்ட்டூனைத் தமிழில் பார்த்து வளர்ந்தவர்கள், 2025 செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்' படம் தமிழ் பேசித் தியேட்டருக்கு வந்தபோது கூட்டமாகப் போனார்கள். அடுத்து என்ன பார்ப்பது என்பதை எலெக்ட்ரிக் ட்ரெயினில் தாம்பரம் போவதற்குள் ஒருவருக்கொருவர் சொல்லி முடித்துவிடுகிறார்கள். "உனக்கு அதுல யாரப் புடிச்சுது?" என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். தேவரீர் இத்தனை வருஷத்தில் என்னிடம் கேட்காத கேள்வி அது.

ஆகவே தேவரீரிடம் அடியேன் வேண்டுவது அதிகமில்லை. டிரெய்லர் தானாக ஓடுவதை நிறுத்துங்கள். பெயர்ப்பட்டியல் முடியும் வரை வாயை மூடிக்கொண்டிருங்கள். அந்தப் பச்சை எழுத்துச் சதவீதத்தை எடுத்துவிடுங்கள்; என் அக்கா பெண்ணுக்கு இன்னும் இரண்டு வரன் பார்க்க வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள சந்தாதாரன்.

பி.கு. (இது வாசகர்களுக்கு.) 'மார்ச்' பிடித்தவர்களில், ஆட்டத்துக்காகப் பிடித்தவர்கள் 'ஹிக்காரு நோ கோ' பாருங்கள், 75 பகுதி, பழைய ஆட்டக்காரர் ஒருவரின் ஆவி பையனுக்குள் புகுந்து 'கோ' என்ற பலகையாட்டம் ஆடும். ஊர்க்காரர்கள் ஒண்டிக்கட்டைக்குச் சோறு போட்டதற்காகப் பிடித்தவர்களுக்கு 'பரக்காமோன்'. பெரியவர் ஒருவரை அடித்துவிட்டுத் தீவுக்கு அனுப்பப்படும் எழுத்துக்கலைஞன் கதை. ஜெயிக்கிற பையனின் தனிமைக்காகப் பிடித்தவர்கள் மசாக்கி யுவாசா 2014-இல் எடுத்த 'பிங் பாங்' பாருங்கள். படம் முதலில் கோணல்மாணலாகத்தான் தெரியும், இரண்டு பகுதி பொறுத்துக்கொள்ளுங்கள். மொத்தமே பதினொன்றுதான்.