கைலாயத்திலிருந்து வரும் லென்ஸ்

எங்கள் சகலைக்குக் கழுத்துவலி. வைத்தியர் தலையணையை மாற்றச் சொன்னார். மாற்ற வேண்டியது தலையணையை அல்ல என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். சொல்லத்தான் ஆளில்லை.

ராமேஸ்வரம் கோயில் கிழக்கு வாசல் பக்கம் சகலைக்குச் சிப்பிக்கடை. சங்கு, சோழி, பாசிமாலை, சிப்பியில் பெயர் எழுதித் தரும் சாவிக்கொத்து. ஈர வேட்டியோடு வருகிற வடநாட்டு யாத்ரீகரிடம் இரண்டு நிமிடத்தில் மூன்று சங்கு தள்ளிவிடும் சாமர்த்தியசாலி. இப்போது கடையில் மகன்தான் உட்கார்ந்திருக்கிறான். சகலை, முதன்முதலாக டிஎஸ்எல்ஆர் வாங்கியவர்கள் என்ற இனத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இந்த இனத்தாரைத் தூரத்திலேயே அடையாளம் கண்டுவிடலாம். கேமரா தொப்பை மேல் உட்கார்ந்திருக்கும். கழுத்துவாரில் கம்பெனிப் பெயர் உள்ள பக்கம் வெளியே தெரிய வேண்டும். உள்ளே திரும்பிக்கொண்டால் நாலு எட்டு வைப்பதற்குள் சரிசெய்துவிடுவார். வெயில் படாமல் இருக்க லென்ஸில் மாட்டுகிற ஹூடு, உச்சிவெயிலிலும் தலைகீழாகவே மாட்டியிருக்கும். மூடி எங்கே என்று ஓயாமல் தேடுவார்: சட்டைப்பை, பேன்ட் பை, கேமராப் பை, கடைசியில் லென்ஸின் மேலேயே.

கேமரா வாங்குவதற்கு முன் சகலை பதினாலு மாதம் யோசித்தார். என் கொழுந்தியாளைப் பெண் பார்க்க வந்தபோது பஜ்ஜி ஆறுவதற்குள் சம்மதம் சொன்ன மனிதர் இவர். முதல் நாலு மாதம் கேனானா நிகானா என்பதிலேயே போனது. ராமரே மணலில் உட்கார்ந்து சிவனைக் கும்பிட்ட ஊர் எங்கள் ஊர். சைவ வைணவச் சண்டையெல்லாம் இங்கே எப்போதோ முடிந்துபோன சங்கதி. கேனான் நிகான் சண்டையை முடித்துவைக்கத்தான் ஓர் அவதாரமும் வரவில்லை. டீக்கடையில் யாராவது நிகான் என்றால் கேனானின் பெருமையைப் பேசுவார். கேனான் என்றால் நிகானுக்கு வக்காலத்து வாங்குவார். கையில் ஒரு கேமராவும் இல்லாத காலத்திலேயே இரண்டு கட்சியிலும் அவருக்கு எதிரிகள் இருந்தார்கள்.

சரித்திரமும் அத்துப்படி. 1991-ல் கோடாக் கம்பெனி, நிகான் எஃப்3 என்ற பிலிம் கேமராவில் டிஜிட்டல் சாமானைப் பொருத்தி விற்றது. படம் வெறும் 1.3 மெகாபிக்சல், அதைச் சேமிக்கிற பெட்டியைத் தோளில் தனியாகச் சுமக்க வேண்டும். 2003-ல் கேனான் 300டி ஆயிரம் டாலருக்குள் வந்த பிறகுதான் சாதாரண ஆள் கைக்கு இந்தச் சாதனம் எட்டியது. இதையெல்லாம் அவர் ஒரு பாக்கெட் சோழி வாங்க வந்த மதுரைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன். அந்த மனிதர் சோழி வாங்காமலே போய்விட்டார்.

ஒருவழியாக மதுரைக்குப் போனோம். கடைப் பையன் யோக்கியமானவன். "சார், இப்ப டிஎஸ்எல்ஆர் யாரும் வாங்குறதில்ல. கம்பெனிக்காரங்களே மிரர்லெஸ்ஸுக்குப் போய்ட்டாங்க" என்றான். டிஎஸ்எல்ஆரின் வயிற்றுக்குள் ஒரு கண்ணாடி உண்டு. லென்ஸ் வழியாக வருகிற வெளிச்சத்தை அது மேலே திருப்பி நம் கண்ணுக்கு அனுப்பும். பொத்தானை அமுக்கினால் 'டக்'கென்று எழும்பி வழிவிடும். மிரர்லெஸ்ஸில் அந்தக் கண்ணாடியும் இல்லை, அந்த டக்கும் இல்லை.

சகலை என்னைத் தனியே அழைத்துப்போய்ச் சொன்னார்: "சத்தம் வரணும் சகல. சத்தமில்லாம எடுத்தா களவாணித்தனமா இருக்குல்ல."

ஆக, டக்குக்காகப் பழைய கேமராவாகவே தேடினோம். 2018-ல் வந்த கேனான் 1500டி, 24 மெகாபிக்சல், கூடவே வருகிற 18-55 லென்ஸ். பழைய பைக் வாங்குகிற தோரணையில் சகலை கேட்டார்: "எத்தனை ஓடியிருக்கு?"

"பன்னிரண்டாயிரம் ஷட்டர் சார்."

"கல்யாண வண்டியா, வீட்டு வண்டியா?"

வீட்டு வண்டிதான் என்று கடைப் பையன் சத்தியம் செய்தான். ஊர் திரும்பும் வழியெல்லாம் மடியில் குழந்தையை வைத்திருப்பதுபோல் வைத்துக்கொண்டு வந்தார். பாம்பன் வந்ததும் பஸ் ஜன்னல் வழியே முதல் படம் எடுத்தார். ஜன்னல் கம்பி மிகத் தெளிவாக விழுந்திருந்தது.

சகலைக்குத் தெரியாதது என்று ஒன்றுமில்லை. இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. அப்பர்ச்சர், ஷட்டர், ஐஎஸ்ஓ மூன்றையும் அவர் விளக்கியதுபோல் எனக்கு இன்றுவரை யாரும் விளக்கியதில்லை. "கோயில்ல இருபத்திரண்டு தீர்த்தம் ஆடுறோம்ல? கிணத்துல எறைச்சுத் தலையில ஊத்துறான். வாளி வாய் எவ்வளவு அகலம்ங்கிறது அப்பர்ச்சர். எவ்வளவு நேரம் ஊத்துறான்ங்கிறது ஷட்டர். பெரிய வாளின்னா ஒரே ஊத்து, ஆள் நனைஞ்சுட்டான். சின்ன வாளின்னா நின்னு ஊத்தணும்."

"ஐஎஸ்ஓ?"

"அது பக்தனோட உடம்பு சகல. சில பேருக்கு ரெண்டு சொட்டு விழுந்தாலே சிலிர்த்துரும். ஆனா ரொம்பச் சிலிர்க்கிறவன் கத்துவான் பாரு, அதுக்குப் பேருதான் நாய்ஸ்."

டீக்கடையே கைதட்டியது. பிறகு, இவ்வளவு தெரிந்தவர் எடுத்த படங்களைப் பார்த்தோம். ஒன்று கருப்பு. அடுத்தது அதைவிடக் கருப்பு. காரணம் எளிது. கேமரா தலையில் உள்ள வட்டத்தில் 'ஏ பிளஸ்' என்று ஒரு பச்சைக் கட்டம் உண்டு. அதில் வைத்தால் எல்லாவற்றையும் கேமராவே பார்த்துக்கொள்ளும். அதில் வைப்பது சகலைக்கு அவமானம். எம் என்ற எழுத்தில், அதாவது வாளி, நேரம் எல்லாவற்றையும் நாமே முடிவுசெய்கிற இடத்தில்தான் வைப்பார். இவர் முடிவுக்கு வருவதற்குள் சூரியன் நகர்ந்துவிடும்.

தனுஷ்கோடிக்குப் போனார். 1964 புயலில் அழிந்த ஊர். கூரையற்ற தேவாலயமும் இருபுறமும் கடலுமாக, கேமரா வைத்திருப்பவனைச் சும்மா விடாத இடம். அந்த வெள்ளை மணல் இவர் படத்தில் சாம்பல் மேடாக விழுந்தது. கேமராவுக்கு நிறம் தெரியாது, சராசரிதான் தெரியும். எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். வெள்ளை மணலுக்கு அளவை ஒரு படி கூட்டிவைக்க வேண்டும். இதையும் வீட்டுக்கு வந்து எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவரேதான். கோதண்டராமர் கோயில் பக்கத்து உப்புநீரில் பூநாரைகள் வந்திருந்தன. 18-55-ஐ முழுக்க இழுத்து எடுத்தார். படத்தைப் பார்த்த சின்ன மகள் கேட்டாள்: "அப்பா, தண்ணியில யாரு சோத்தைக் கொட்டுனது?"

அன்றைக்கு ஆரம்பித்தது நீள லென்ஸ் ஜுரம்.

பாம்பன் பாலம்தான் சகலையின் வாழ்நாள் லட்சியம். 1914-ல் திறந்த பழைய ரயில் பாலத்தில், இரண்டு கைகள் எழும்பிக் கும்பிடுவதுபோல நடுப்பகுதி பிளந்து கப்பலுக்கு வழிவிட்டது. அதில் ரயில் ஓடியது 2022 டிசம்பர் வரைதான். அப்போது சகலை இன்னும் யோசித்துக்கொண்டிருந்தார். 2025 ஏப்ரல் 6-ல் திறந்த புதுப் பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே லிப்ட் மாதிரி 17 மீட்டர் மேலே போகிறது. இதையாவது விடக்கூடாது என்று முதல் தடவை முக்காலியோடு ரோட்டுப் பாலத்தில் போய் நின்றோம். ஒரு பஸ் போனால் ரோட்டுப் பாலம் அதிரும், முக்காலியும் சேர்ந்து அதிரும் என்பது புத்தகத்தில் இல்லை. எல்லாப் படத்திலும் கடலுக்கு மூன்று கரை.

இரண்டாவது தடவை கீழே, வல்லங்கள் கட்டிக்கிடக்கிற கரையில் நின்றோம். கப்பல்கள் காத்திருப்பதாகவும் எந்நேரமும் தூக்கலாம் என்றும் சேதி. இரண்டரை மணி நேரம் வெயிலில் நின்றோம். பக்கத்தில் ஒரு பெரியவர் வலை சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். சகலை திடீரென்று, பழக்கமான ஸ்டூடியோக்காரரிடம் ஒருநாளைக்கு இரவல் வாங்கிவந்த நீள லென்ஸை மாட்டிப்பார்க்க முடிவுசெய்தார். காற்றில் மணல் உள்ளே போகக்கூடாது என்று முதுகைப் பாலத்துக்குக் காட்டிக் குந்தினார். பின்மூடியைக் கழற்றி வாயில் கவ்விக்கொண்டு, சிவப்புப் புள்ளிக்குச் சிவப்புப் புள்ளி நேராக வைத்து, சுற்றினார், மாட்டவில்லை, ஊதினார், மறுபடி சுற்றினார்.

"சகல, தூக்குறான்" என்றேன்.

"ம்ம்" என்றார், வாயில் மூடி.

"கப்பல் வருது."

"ம்ம்ம்."

'டிக்'கென்று மாட்டி, எழுந்து, திரும்பி, மூடியைத் துப்பிக் கண்ணில் வைத்தபோது மேலே போன துண்டு கீழே வந்துகொண்டிருந்தது. வலைப் பெரியவர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "மீன் பாய்ச்சல் வரும்போது வலை மாத்தப்படாது தம்பி. இருக்கிற வலையப் போட்டுறணும்."

திரும்பும் வழியில் எனக்கு ஊர்க்கதை ஞாபகம் வந்தது. கைலாயத்திலிருந்து லிங்கம் கொண்டுவரப் போன அனுமார் வரத் தாமதமானது. நல்ல நேரம் போய்விடும் என்று சீதாதேவி கைக்கெட்டிய மணலைப் பிடித்து லிங்கம் செய்துவிட்டாள். அதுதான் ராமலிங்கம், கோயில் மூலவரே அதுதான். "கையில இருக்கிற 18-55 மணல் லிங்கம் மாதிரி. அதை வெச்சு எடு சகல" என்றேன். நல்ல உவமை சொல்லிவிட்ட திருப்தி எனக்கு.

சகலை நின்றார். "ஆனா கோயில்ல இன்னிக்கும் முதல் பூஜை யாருக்கு? லேட்டா வந்தாலும் அனுமார் கொண்டாந்த விஸ்வலிங்கத்துக்குத்தானே?"

ராமேஸ்வரத்துக்காரனிடம் புராணம் பேசக்கூடாது.

கோயில் மூன்றாம் பிரகாரம், 1212 தூண், ஒரு முனையில் நின்றால் மறுமுனை புள்ளியாகத் தேய்கிற அந்தக் காட்சி, 18-55-க்கென்றே கட்டினமாதிரி இருக்கும். அங்கே கேமராவுக்கு அனுமதி கிடையாது. நடந்து ஐந்து நிமிடத்தில் போகிற இடம் இவருக்கு எடுக்கக் கூடாத இடமாகவும், எடுக்கக் கூடிய இடமெல்லாம் எட்டாத தூரத்திலும் அமைந்துபோனது விதி என்பார்.

வீட்டிலும் மாற்றங்கள். உப்புக்காற்றில் லென்ஸ் பூஞ்சை பிடிக்கும் என்று கேமராவைக் காற்றுப்புகாத டப்பாவில், சிலிக்கா பொட்டலங்களோடு வைக்க வேண்டுமாம். வீட்டில் அப்படிப்பட்ட டப்பா ஒன்றுதான், முறுக்கு டப்பா. கேமரா உள்ளே போனது, முறுக்கு வெளியே வந்து நமுத்தது. கொழுந்தியாள் இன்னும் அதை மன்னிக்கவில்லை. சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்கு "அண்ணன்கிட்டதான் பெரிய கேமரா இருக்கே" என்று ஸ்டூடியோக்காரரைச் சொல்லாமல் விட்டார்கள். பின்னணி மங்கலாக விழும் ஆசையில் 50 எம்எம், எஃப் 1.8 லென்ஸ் வாங்கிப்போனார். தாய்மாமன் மீசை முடி ஒவ்வொன்றும் எண்ணலாம்போல் விழுந்தது. காது குத்திக்கொண்ட குழந்தை மட்டும் மேகமாக, பஞ்சாக, யாரோவாக மிதந்தது.

போன அமாவாசைக்கு முந்தின நாள் விடியற்காலை அக்னி தீர்த்தத்தில் நின்றோம். முதல் வெயில் ஈர மணலில் விழுகிற நேரம். முங்கி எழுந்த பீகார்க்காரக் குடும்பம் ஒன்று, பாட்டி முதல் பேரன் வரை ஒன்பது பேர், தண்ணீர் சொட்டச் சொட்ட எதிரே வந்து நின்றது. குடும்பத் தலைவர் கேமராவைப் பார்த்தார், தொப்பையைப் பார்த்தார், கேட்டார்: "பையா, ஏக் போட்டோ கித்னா?"

சகலை முகம் சுருங்கியது. கடற்கரையில் படமெடுத்துக் காசு வாங்குகிற ஆளென்று நினைத்துவிட்டார்களே. மறுகணம் என்ன தோன்றியதோ, "ப்ரீ, ப்ரீ" என்றார். ஒன்பது பேரையும் நிறுத்தினார், பாட்டியை நடுவில் விட்டார், பேரனை உட்காரவைத்தார். டக், டக், டக். திரையைக் காட்டினார்.

முந்தின ராத்திரி வீதியில் சுவாமி புறப்பாட்டுக்கு வைத்த ஐஎஸ்ஓ 6400 அப்படியே இருந்தது. வாளியும் அகலம், ஊற்றியதும் அதிகம். மூதாதையருக்குத் தர்ப்பணம் கொடுக்க வந்த ஒன்பது பேரும் படத்தில் தாங்களே மூதாதையராகிவிட்டதுபோல வெள்ளைப் புகையாக நின்றார்கள். பாட்டி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அங்கேயே தினமும் படமெடுக்கிற தம்பி ஒருவன் பார்த்துக்கொண்டிருந்தான். கையில் சகலையுடையதைவிடப் பழைய கேமரா, மூடியே கிடையாது, கழுத்துவார் அறுந்து கயிறு கட்டியிருந்தது. வந்தான், ஒரு டக், ஒன்பது பேரும் ஒன்பது பேராகவே விழுந்தார்கள். எட்டிப் பார்த்தேன்: பச்சைக் கட்டம். காசை வாங்கிக்கொண்டு சகலையிடம் மரியாதையாகவே கேட்டான்: "அண்ணே, கோவிச்சுக்காதீங்க. நீங்க எடுக்கிறது பொழப்புக்கா, பொழுதுக்கா?"

சகலை பதில் சொல்லவில்லை. லென்ஸை வேட்டி நுனியால் துடைத்தார். லென்ஸைத் துணியால் துடைப்பவர்களைப் பற்றி அவர் முன்பு சொல்லியிருந்ததை இங்கே எழுத முடியாது. தேடிப்பார்த்து மூடியைப் போட்டார். பிறகு போனை எடுத்து எதையோ பார்த்தார். முகம் மெல்லத் தெளிந்தது.

"55-250 மதுரையிலேருந்து கிளம்பிருச்சாம் சகல" என்றார். "இன்னும் பாலம் தாண்டலை."