விடுமுறையில் ஒரு சின்ன ஏற்றம்

குடும்பத்தோடு பிரான்சுக்கு விடுமுறை போகும் சைக்கிள் பிரியர், பெதுவான் கிராமத்தில் அறை எடுப்பது தற்செயல் அல்ல. மனைவியிடம் திராட்சைத் தோட்டங்களைப் புகழ்வார். மோன் வாந்தூ மலையேற்றம் அங்கேதான் தொடங்குகிறது என்பதை மட்டும் மறந்துவிடுவார்.

“பத்து மணிக்குள் வந்துவிடுவேன்” என்று வாடகைச் சைக்கிளில் கிளம்புவார். உச்சிக்கு 21 கிலோமீட்டர்; ஏறவேண்டிய உயரம் சுமார் 1,600 மீட்டர். 1967 டூர் தெ பிரான்ஸ் பந்தயத்தில் டாம் சிம்சன் உயிரை விட்டது இந்த மலையில்தான். 1970இல் இங்கே வென்ற எட்டி மெர்க்ஸுக்கே பிராணவாயு கொடுக்க வேண்டியிருந்தது. விடுமுறைக்காரருக்கோ வயிற்றில் ஒரு ரொட்டி, மீதியெல்லாம் வைராக்கியம்!

1336இல் இதில் ஏறியதாக எழுதிய கவிஞர் பெட்ரார்க் நடந்துதான் போனார். சைக்கிளை உருட்டுகிறவர்களுக்கு அந்த முன்னுதாரணம் போதும்.

வீட்டார் கவலைப்பட வேண்டாம். காரில் போய் அழைத்துவர உச்சிவரை தார்ச்சாலை உண்டு.