நாய்க்கு ஞாயிற்றுக்கிழமை முழுக்கு

சிங்கப்பூர்,
ஞாயிறு மாலை.

அன்புள்ள சித்தப்பா, சித்திக்கு,

காலையில் போனில், "ஒரு நாயைக் குளிப்பாட்ட அரை நாளாடா?" என்று சித்தப்பா கேட்டது ஷவர் சத்தத்திலும் காதில் விழுந்தது. பதில் சொல்லக் கை ஒழியவில்லை.

ஊரில் நம் நாய் மணிக்கு இந்தத் தொல்லை கிடையாது. குடமுருட்டி ஆற்றில் தானாக இறங்கும், தானாகக் கரையேறி உதறும், வைக்கோல் போரில் புரளும், தீர்ந்தது. இங்கே கதை வேறு. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்து அடுக்குமாடியில் வீட்டுக்கு ஒரு நாய்தான். அதுவும் பொதுவாக அரசாங்கப் பட்டியலில் உள்ள சின்ன ஜாதி. ராஜபாளையம், சிப்பிப்பாறை எல்லாம் வாசற்படி ஏற முடியாது. வருஷ லைசென்ஸ் 15 வெள்ளி, கருத்தடை செய்யாவிட்டால் 90. பெண் அடம்பிடித்து வாங்கிய எங்கள் கோகோ ஷிட்ஸு ஜாதி. சீனத்து அரண்மனையில் மடியில் வளர்ந்த பரம்பரை. இதன் முடிக்கு நம் தலைமுடி போல வளர்ந்துகொண்டே போகிற குணம். அப்பனுக்கு வழுக்கை, நாய்க்கு ரப்பர் பேண்டு போட்ட குடுமி.

கடையில் விட்டால் செய்துவிடுவார்கள். அவர்கள் கேட்கும் கூலியில் நான் பல மாதம் முடிவெட்டிக்கொள்ளலாம். ஆகவே அந்த உத்தியோகமும் எனக்கே.

முதலில் சிக்கெடுக்க வேண்டும், உலர்ந்த முடியில். நனைத்துவிட்டால் சிக்கு இறுகிப்போகும், அப்புறம் கத்தரிக்கோல்தான். காதுக்குப் பின்னால், அக்குளில், கழுத்துப்பட்டை உராயும் இடத்தில் முடிச்சு முடிச்சாக இருக்கும். முடியின் அடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நுனியிலிருந்து சீவினால் தோல் இழுபடாது. பிறகு குளியலறைக்கு அழைக்க வேண்டும். வெள்ளிநாக்குப் பேச்சாளர் சீனிவாச சாஸ்திரியார் 1869இல் பிறந்த வலங்கைமான்காரன் நான். ஆனாலும் என் பேச்சு எடுபடவில்லை. சாஸ்திரியாரே வந்தாலும் கோகோ கட்டிலுக்கு அடியிலிருந்து அசையாது. தூக்கித்தான் போக வேண்டும்.

காதுக்குத் தண்ணீர் போகாமல் பஞ்சு. வெதுவெதுப்பான நீர், கழுத்திலிருந்து பின்னோக்கி, தலை கடைசியில். நம் ஷாம்பு கூடாது. மனிதத் தோலுக்குக் கொஞ்சம் அமிலத்தன்மை உண்டு, நாய்த்தோல் அவ்வளவு அமிலமில்லை. நமக்கான சரக்கு அதற்கு வறட்சியும் அரிப்பும் தரும். நுரை போக அலசுவதற்குத்தான் நேரம். மிச்சம் நின்றால் ராத்திரியெல்லாம் சொறிந்துகொண்டு எங்களையும் தூங்கவிடாது. அலசி முடித்து நிமிர்ந்ததும் ஒரு உதறல் உதறும் பாருங்கள், அதோடு என் குளியலும் ஆயிற்று.

அடுத்தது டிரையர். ஊர் முழுக்கப் பட்டாசு செய்கிற வலங்கைமானில், வாணவெடிக்கு நடுவே தூங்கி வளர்ந்தவன் நான். என் வீட்டு நாய் ஒரு டிரையரின் சத்தத்துக்கு நடுங்குகிறது! சொன்னால் மானம் போகும், தெருவில் சொல்லிவிடாதீர்கள்.

நகம்தான் பெரிய கண்டம். நகத்துக்குள் ரத்த நாளம் ஓடுகிறது. வெள்ளை நகத்தில் இளஞ்சிவப்பாகத் தெரியும். கறுப்பு நகத்தில் ஒன்றும் தெரியாது. நுனியில் துளித்துளியாகத்தான் நறுக்க வேண்டும். ரத்தம் கசிந்தால் அழுத்திப் பிடிக்கச் சோளமாவைப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன். என் வீட்டுக்காரி அதைச் சூப்புக்குத் தேடிக்கொண்டிருப்பாள்.

சித்தி, மணிக்குத் துணி சோப்பு போடுகிறீர்களாமே. வேண்டாம். குட்டை முடிக்கு வெறும் தண்ணீர் போதும். காது மடலிலும் கால்விரல் இடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வெறிநாய்த் தடுப்பூசி இந்த வருஷம் இன்னும் போடவில்லை என்று தம்பி சொன்னான். வருகிற வாரமே கால்நடை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகச் சொல்லுங்கள். பணம் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்