உருபு ஏறிப் போகிறோம்

கிருமாம்பாக்கத்தில் நின்று பனித்திட்டுக்காரர்கள் தினமும் கைகாட்டி நிறுத்துவது ஒரு வேற்றுமை உருபை. லத்தீனில் 'ஓம்னிஸ்' என்றால் எல்லாம், ஒவ்வொன்றும். பன்மையில் 'ஓம்னெஸ்', எல்லாரும். நான்காம் வேற்றுமை ஏறினால் 'ஓம்னிபுஸ்', எல்லாருக்கும்.

1826இல் பிரான்சின் நாந்த் நகரத்தில் ஸ்தானிஸ்லாஸ் போத்ரி என்பவர் தம்முடைய வெந்நீர்க் குளியல் நிலையத்துக்கு ஆள் சேர்க்கக் குதிரைவண்டி விட்டார். ஜனங்கள் குளிப்பதாகத் தெரியவில்லை. வழியில் ஏறி வழியிலேயே இறங்கினார்கள். மனுஷர் வெந்நீரை விட்டுவிட்டு வண்டியைப் பிடித்துக்கொண்டார். அதற்கு வைத்த பெயர்தான் ஓம்னிபுஸ். பின்னால் இங்கிலீஷ்காரன் தலையை வெட்டி எறிந்து வாலை மட்டும் வைத்துக்கொண்டான்: பஸ். தமிழில் இப்படிச் செய்திருந்தால் 'எல்லார்' போய் 'உக்கும்' மட்டும் மிஞ்சியிருக்கும். "கடலூர் உக்கும் போயிடுச்சா?" "இப்பதான் போச்சு, அடுத்த உக்கும்ல போ."

நீங்கல் பொருளுக்கும் கருவிப் பொருளுக்கும் லத்தீனில் ஒரே வேற்றுமை. பன்மையில் அதற்கும் ஓம்னிபுஸ்தான். முன்னால் 'ஆப்' என்று ஒரு துண்டைச் சேர்த்தால் 'எல்லாராலும்' என்றாகும். பஸ் ஓடும்வரை எல்லாருக்கும், தவளக்குப்பத்தில் படுத்துக்கொண்டால் இறங்கித் தள்ளுவது எல்லாராலும்.

வீரமாமுனிவர் லத்தீனில் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. அவர் பாதிரிமார்களுக்குத் தமிழ் வேற்றுமை சொல்லிக்கொடுத்தார். நான் திருப்பி லத்தீன் வேற்றுமை சொல்லப்போனால் எங்கள் ஊரில் "பஸ்ஸு வந்தா போதும்பா" என்கிறார்கள்.

வெட்டிய தலையை மறுபடி ஒட்டவைத்த பெருமை தமிழனுடையது: ஆம்னி பஸ். தீபாவளிக்கு முந்தின நாள் சென்னையில் அதற்கு டிக்கெட் விலை கேட்டுப் பாருங்கள், எல்லாருக்குமா என்று தெரியும்.

சாதா பஸ்ஸிலும் எல்லாருக்கும் இடம் இல்லை. மீன் விற்கும் எங்கள் அத்தை அன்னக்கூடையோடு படியில் கால் வைத்ததும் கண்டக்டர், "கூடைய ஏத்தாதம்மா, நாத்தம் அடிக்குது" என்றார்.

"மத்தியானம் கொழம்புல ஊத்திக்கினு துன்றப்போ மணக்குதில்ல?" என்றாள் அத்தை. பஸ் கிளம்பிவிட்டது.

1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம், ஓட்டுநர் தவிர 6 பேருக்கு மேல் ஏற்றும்படி கட்டிய வண்டியை ஓம்னிபஸ் என்கிறது. மீன்கூடையைப் பற்றி அந்த வரியில் பேச்சே இல்லை. ஆகவே கண்டக்டர் அண்ணன்மாரே, பின்படிக்கட்டு ஓரமாக ஒரு கூடைக்கு இடம் விடுங்கள். லக்கேஜ் டிக்கெட் கிழித்துக்கொள்ளுங்கள், அத்தை காசு கொடுத்துவிடுவாள்.