எட்டிப் பார்ப்பவரா நீங்கள்?

கேள்வி: ஒன்டாரியோவில் ஆர்.பி.என். (நடைமுறை நர்ஸ்) டிப்ளமோ முடிக்கப் போகிறேன். வேலைக்குப் போவதா, ஆர்.என். (பதிவு பெற்ற நர்ஸ்) வரை படிப்பதா? அம்மா 'படி' என்கிறார். ஓசாப் கல்விக் கடன் கடிதமோ 'போ' என்கிறது.
- வாசகி, ஸ்கார்பரோ

பதில்: கடிதத்தின் பக்கம் நியாயம் இருக்கிறது. முதலில் ஆர்.பி.என். உரிமத்துக்கான ரெக்ஸ்-பி.என். தேர்வை எழுதி, சம்பளம் வாங்கிப் பாருங்கள். ஒன்டாரியோவில் 2005 முதல் ஆர்.என்.னுக்குப் பட்டம் கட்டாயம், நான்கு வருடம். உங்களைப் போன்றவர்கள் ஆர்.என். ஆவதற்குத்தான் பிரிட்ஜிங் படிப்பு இருக்கிறது; அது எங்கும் ஓடிப்போகாது.

ஊசி, மருந்து, புண்ணுக்குக் கட்டு எல்லாம் ஆர்.பி.என்., ஆர்.என். இருவருக்கும் பொது. நோயாளியின் நிலை சீராக இருக்கும்வரை அவர் உங்கள் பொறுப்பு. ராத்திரி 2 மணிக்குப் பிரஷர் சடசடவென்று இறங்கினால் ஆர்.என்.னைக் கூப்பிடுவீர்கள். அவர் வந்ததும் "அப்பாடா!" என்று மூச்சு விடுவீர்களா, என்ன செய்கிறார் என்று தோளுக்கு மேலே எட்டிப் பார்ப்பீர்களா? எட்டிப் பார்க்கிற ஜாதி என்றால் விண்ணப்பம் போட்டுவிடுங்கள். மூச்சு விடுகிற ஜாதி என்றாலும் குறைச்சல் இல்லை. முதியோர் இல்லங்கள் உங்களை நம்பித்தான் ஓடுகின்றன. ஐ.சி.யூ. ஆசை இருந்தால் மட்டும் இதில் யோசிக்க ஒன்றுமில்லை, ஆர்.என்.தான்.

ஒன்று: நைட் ஷிப்ட் முடிந்து காலை வகுப்பில் கண்ணைத் திறந்தபடி தூங்கும் கலையை எந்தப் பிரிட்ஜிங்கிலும் சொல்லித் தருவதில்லை.