பாட்டிலுக்கு மட்டும் மறுவாழ்வு

தமிழ்நாட்டில் ஒரு மறுவாழ்வுத் திட்டம் பிரமாதமாக யோசிக்கப்பட்டிருக்கிறது. பயனாளி, அரசின் டாஸ்மாக் மதுக்கடையில் வாங்கிய காலி பாட்டில். 2022-ல் நீலகிரியில் தொடங்கிப் பிற மாவட்டங்களுக்கும் போயிருக்கிறது. வாங்கும்போது பத்து ரூபாய் கூடுதல். குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பத்து ரூபாய் கைக்கு வரும். பாட்டிலில் ஸ்டிக்கர் வேறு. யானைக் காலில் கண்ணாடி குத்தக்கூடாதென்று உயர் நீதிமன்றம் சொல்லி வந்த ஏற்பாடு, அதைக் குறை சொல்ல மாட்டேன். பாட்டிலைக் காலி செய்தவர் என்ன ஆனார் என்று பார்க்கத்தான் ஸ்டிக்கர் இல்லை.

அவர் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் இருந்தார். தினமும் குடித்தவர் திடுதிப்பென்று நிறுத்தினால் சில மணி நேரத்தில் கை நடுங்கும். ஓரிரு நாளில் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாள் கழித்துச் சிலருக்கு இல்லாத பூச்சி சுவரில் ஊரும், பெற்ற பிள்ளையை அடையாளம் தெரியாது, உயிரேகூடப் போகும். டயசிபாம் கொடுத்து, தயமின் ஊசி போட்டு, ஒரு வாரம் பத்து நாளில் டாக்டர்கள் ஆளை நிமிர்த்திவிடுகிறார்கள். அது ஆரம்பம்தான். தூக்கமில்லாத இரவுகள், எரிச்சல், மாதக்கணக்கில் மாத்திரை, விடாத கவுன்சலிங் என்று நிஜமான வைத்தியம் அதற்கப்புறம்தான் இருக்கிறது.

அதற்கு அரசு தருவது ஒரு சீட்டு. “ரெண்டு வாரம் கழிச்சு வந்து காட்டுங்க.” அன்றைக்குக் கூலி போச்சு. புற நோயாளிகள் பிரிவு மதியம் 12 மணிக்கு முடிகிறது. டாஸ்மாக் 12 மணிக்குத் திறக்கிறது. ஷிப்ட் மாறுவதற்கு இதைவிடக் கச்சிதமான நேரம் கிடைக்குமா? மாத்திரைக் கவரோடு ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி பஸ் ஸ்டாப்புக்கு நடப்பவரை, இரவு 10 மணி வரை யாரோ ஒருவர் கவுண்டரில் உட்கார்ந்து அரசாங்கச் சம்பளத்தில் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார். 2024-25-ல் இந்த எதிர்பார்ப்பின் வருமானம் 48,344 கோடி ரூபாய். கணக்கைச் சட்டமன்றத்தில் வாசிப்பது மதுவிலக்குத் துறை. சிரிக்காமல் வாசிக்கிறார்கள் என்பதுதான் சாதனை.

அரசாங்கத்தை மட்டும் திட்டிவிட்டுத் தப்பிக்க முடியாது, உறவுக்காரர்கள் இருக்கிறார்கள். காதுகுத்தில் ஓரமாக நிற்பவரின் தோளில் கை விழும். “ஆஸ்பத்திரியில உடம்பைத்தான் கிளீன் பண்ணி அனுப்பிட்டாங்களே மாப்ளே, ஒரு கட்டிங் என்ன பண்ணிடும்?” இவர்தான் மறுநாள், “திருந்தாத ஜென்மம்” என்று தீர்ப்பும் சொல்வார். சர்க்கரை கூடிப்போய் மறுபடி அட்மிட் ஆனவரை இப்படிச் சொல்ல இவருக்கு வாய் வருமா?

கடைசியில் எல்லாப் பொறுப்பும் மனைவி என்கிற ஒருத்தி தலையில். “நீதாம்மா பாத்துக்கணும்” என்று எல்லோரும் கை கழுவிவிடுவார்கள். சட்டைப்பையைத் துழாவ வேண்டும், வாயை முகர வேண்டும், சம்பள நாளில் ஒர்க்‌ஷாப் வாசலில் போய் நிற்க வேண்டும். அதற்கும் மேலே பக்கத்து வீட்டு யோசனை ஒன்று வரும்: “சாம்பார்ல மாத்திரையைக் கலந்து குடுத்துடு.” அந்த மாத்திரை, டைசல்பிராம், உடம்பில் இருக்கும்போது குடித்தால் ரத்த அழுத்தம் சரியும், நெஞ்சு படபடக்கும், ஆளே போகலாம். தெரிந்து, சம்மதித்து, டாக்டர் பார்வையில் சாப்பிட வேண்டிய மாத்திரை அது. இதை அந்த அம்மாவுக்கு உட்கார வைத்துச் சொல்ல ஆளில்லை. பாட்டிலை எண்ணி வாங்க ஆள் இருக்கிறது.

48,344 கோடியில் கொஞ்சம் கிள்ளி, வாராவாரம் வீட்டுக்குப் போய் விசாரிக்கவும் மாத்திரை கொடுக்கவும் ஊருக்கு ஓர் ஆள் போடுங்கள். மாலையிலும் ஓபி பாருங்கள், வேலைக்குப் போகிறவன் வரட்டும். மாப்பிள்ளைக்குக் கட்டிங் ஊற்றுகிற பெரிய மனுஷரே, அந்தக் காசைப் பஸ் டிக்கெட்டாக்கி அடுத்த முறை ஆஸ்பத்திரிக்கு நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள். முடியாதென்றால் தோளிலிருந்து கையையாவது எடுங்கள்.