ஒரே ஃபிரேமில் ஊரே குடியேறலாம்! (கேள்வி–பதில்)

கே: டபுள் எக்ஸ்போஷர் என்றால் என்ன? (கரூர் வாசகர்)

ப: ஃபிலிமை நகர்த்தாமல் ஷட்டரை இரண்டு தடவை தட்டுவது. அடுத்தவர் வரலாம்!

கே: 120 ரோல் போடும் கேமராக்களில் இது எதில் சுலபம்? (மதுரை வாசகி)

ப: விலை எவ்வளவு குறைவோ அவ்வளவு சுலபம்! ஹாங்காங்கில் பிறந்த பிளாஸ்டிக் ஹோல்காவை எடுங்கள், லெனின்கிராடின் லூபிடெல்லை எடுங்கள், 1901-ல் 120 ரோலையே உலகத்துக்குக் கொண்டுவந்த கோடாக் பிரௌனி பெட்டியை எடுங்கள். இவற்றில் ஷட்டருக்கும் ஃபிலிம் சுற்றும் குமிழுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. நீங்கள் குமிழைத் திருகாத வரை அதே ஃபிரேம்தான். இரண்டு என்ன, இருபது படம் எடுங்கள்!

விலை ஏற ஏறப் பூட்டு வந்துவிடும். ‘தவறுதலாக இரண்டு தடவை எடுத்துவிடுவீர்கள்’ என்று கேமராவே நம்மைத் தடுக்கும். இந்தப் பூட்டுக்கு நான் பரம விரோதி என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். யாஷிகாமேட் 124ஜி-யில் இதற்கு வழியே வைக்கவில்லை. மாமியா சி330-ல் ஒரு திருப்பியைத் திருப்பினால் போதும். மாமியா ஆர்பி67-ல் ஷட்டரை ஏற்றும் லீவர் உடம்பில் இருக்கிறது, ஃபிலிமைத் தள்ளும் லீவர் பின்பக்க ஹோல்டரில் இருக்கிறது. 1970-ல் வந்த முதல் மாடலில் இரண்டும் தனித்தனி. பிறகு வந்த ப்ரோ-எஸ்ஸில் பூட்டு போட்டார்கள், அதைத் திறக்கவும் ஒரு குட்டி லீவர் வைத்தார்கள். நல்ல மனசுக்காரர்கள்!

ஹாசல்பிளாட் 500சி/எம் என்றால் ஒரு சடங்கே உண்டு. முதல் படம் எடுத்ததும், ஃபிலிமை மறைக்கும் தகடான டார்க் ஸ்லைடைச் செருகுங்கள். ஃபிலிம் இருக்கும் மேகஸினைக் கழற்றுங்கள். உடம்பின் கிராங்கை ஒரு சுற்றுச் சுற்றுங்கள், ஷட்டர் ஏறிவிடும். மேகஸினை மறுபடி மாட்டி ஸ்லைடை உருவுங்கள். ஃபிலிம் கையிலிருந்த மேகஸினுக்குள் அப்படியே இருந்தது, ஒரு மயிரிழை நகரவில்லை. ஸ்லைடை உருவ மறந்தால் பொத்தான் அமுங்காது, பயம் வேண்டாம்.

கே: இரண்டு தடவை எடுத்தால் வெளிச்சம் இரட்டிப்பாகி ஃபிலிம் வெளுத்துப் போகாதா? (ஈரோடு வாசகர்)

ப: போகும். அதனால் எத்தனை தடவையோ அத்தனையால் ஃபிலிமின் வேகத்தைப் பெருக்கி மீட்டரில் வையுங்கள். 400 ஃபிலிமில் இரண்டு தடவை என்றால் 800, நான்கு தடவை என்றால் 1600. அதாவது ஒவ்வொரு தடவையும் முறையே ஒரு ஸ்டாப், இரண்டு ஸ்டாப் குறைவு.

இதோடு நிறுத்திக்கொண்டால் படம் கஞ்சியாகத்தான் வரும். நான் ஓயாமல் கேட்கும் கேள்வியை இங்கேயும் கேட்கிறேன்: முதல் படத்தில் இருட்டு எங்கே? இரண்டாவது படம் அந்த இருட்டில்தான் குடியேறும். வெளுத்த வானத்தின் மேல் எதை எடுத்தாலும் நிற்காது, நிறைந்த குடத்தில் ஊற்றிய தண்ணீர்தான். ஒருவரை வானத்துக்கு எதிரே நிறுத்தி, முகம் கறுத்துப் போகும்படி எடுங்கள். அந்தக் கறுத்த உருவத்துக்குள் அடுத்து எடுக்கும் மரமோ தெருவோ அழகாக உட்கார்ந்துகொள்ளும். பின்னணி முழுக்கக் கறுப்புத் துணி என்றால் குறைக்கவே வேண்டாம். இரண்டு உருவமும் ஒன்றன்மேல் ஒன்று விழாத வரை ஒவ்வொன்றுக்கும் முழு வெளிச்சம் கொடுங்கள்.

கே: முகத்துக்குள் ரோஜாப்பூ வைத்து எடுக்க ஆசை. (சேலம் வாசகி)

ப: உலகத்து ரோஜாவெல்லாம் ஏற்கெனவே யாரோ ஒருவர் முகத்துக்குள் போய்விட்டது. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஹாரி கேலஹன் 1950-களில் மனைவி எலினோரின் உருவத்தையும் வெளிக்காட்சியையும் ஒரே ஃபிரேமில் சேர்த்த படங்களை முதலில் பாருங்கள். பிறகு உங்கள் வீட்டுக் கொல்லையைப் பாருங்கள்.

கே: சினிமாவில் வருவதுபோல் என்னை நானே பக்கத்தில் வைத்து எடுக்க முடியுமா? (தஞ்சாவூர் வாசகர்)

ப: ஆஹா! இந்த வாரத்தின் சிறந்த கேள்வி!

1900-லேயே பிரான்ஸில் ஜார்ஜ் மெலியே, ஏழு வாத்தியக்காரர்களாகத் தானே வரிசையாக உட்கார்ந்து ஒரு படம் எடுத்துவிட்டார். ஃபிலிமைப் பின்னால் சுற்றிச் சுற்றி, ஒவ்வொரு வாத்தியக்காரரையும் தனித்தனியாகப் பதித்தார். தமிழில் 1940-ல் மாடர்ன் தியேட்டர்ஸ் ‘உத்தம புத்திரன்’. பி.யு. சின்னப்பா இரட்டை வேடம். சினிமாக்காரர்கள் மாஸ்க் ஷாட் என்பார்கள். லென்ஸில் பாதியை மறைத்து எடு, ஃபிலிமைப் பின்னால் சுற்று, மறுபாதியை மறைத்து எடு.

லூபிடெல்லில் ஃபிலிமைப் பின்னால் சுற்றும் வேலைகூட இல்லை. கறுப்புச் சார்ட் அட்டையில் லென்ஸ் வளையத்தின் மேல் இறுக்கமாக உட்காரும் மூடி ஒன்று செய்து, அதில் சரிபாதியை நேர்கோட்டில் வெட்டி எறியுங்கள். கேமராவை ஸ்டாண்டில் முடுக்கி, கேபிள் ரிலீஸ் மாட்டுங்கள். மூடியின் இடப்பக்கம் மறைந்திருக்கும்போது காட்சியின் வலப்பக்கத்தில் உட்காருங்கள். எடுத்ததும் மூடியை அரைச்சுற்றுத் திருப்பி, ஷட்டரை மறுபடி ஏற்றி, இடப்பக்கம் போய் உட்காருங்கள். ஏற்றும்போது கேமரா அசையக் கூடாது, இன்னொரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பாதிக்கும் ஒரு தடவைதான் வெளிச்சம் விழுகிறது என்பதால் மீட்டர் சொன்னதையே வையுங்கள்.

அப்பர்ச்சரில்தான் சூட்சுமம். அகலத் திறந்தால் அட்டை பாதியை மறைக்காது, இரண்டு பேருமே கண்ணாடிபோல் தெரிவீர்கள். ரொம்பச் சுருக்கினால் நடுவில் கோடு விழும். எஃப்/8, எஃப்/11 பக்கம் ஆரம்பியுங்கள். நடுவில் ஒரு தூணோ கதவு நிலையோ இருந்தால் கோடு அதில் ஒளிந்துகொள்ளும். இடையில் மேகம் வந்தால் ஒரு சின்னப்பா வெயிலிலும் இன்னொரு சின்னப்பா நிழலிலும் இருப்பார், ஆகவே வானத்தைப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். தயவுசெய்து, நீங்களும் நீங்களும் கைகுலுக்கப் பார்க்க வேண்டாம்!

கே: ஆவிப் படங்கள் உண்மையா? (நாகர்கோவில் வாசகர்)

ப: இல்லை. பெரும்பாலும் இதே டபுள் எக்ஸ்போஷர் வித்தைதான். அமெரிக்காவில் வில்லியம் மம்லர் இறந்தவர்களின் ‘ஆவி’யைப் படத்தில் காட்டிக் காசு பார்த்தார். 1869-ல் நியூயார்க்கில் மோசடி வழக்கு நடந்தது. சர்க்கஸ் புகழ் பி.டி. பார்னமே எதிர்த்துச் சாட்சி சொல்லியும் மம்லர் விடுதலையானார். பிறகு லிங்கனின் மனைவி மேரி, கணவரின் ‘ஆவி’ தோளில் கைவைத்த படத்தை அவரிடம்தான் எடுத்துக்கொண்டார். கணவரையும் பிள்ளைகளையும் பறிகொடுத்த ஒரு தாயிடம் செய்த காரியம் அது. எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

கே: கோபுரத்துக்கு மேல் பெரிய நிலாவை வைக்க வேண்டும். (திருவண்ணாமலை வாசகர்)

ப: 80 மி.மீ. லென்ஸில் நிலா ஃபிலிமில் முக்கால் மில்லிமீட்டர்கூட வராது, கடுகுதான். 250 மி.மீ. போட்டால் இரண்டு மில்லிமீட்டருக்குச் சற்று மேல். ஆகவே லென்ஸ் மாற்றக்கூடிய கேமராவில், கறுத்த வானத்தில் முழு நிலாவைப் பெரிய லென்ஸால் முதலில் எடுங்கள். எஃப்/11, 100 ஃபிலிமுக்கு 1/125 நொடி. ஃபிரேமில் நிலா எங்கே என்று நோட்டில் பென்சிலால் வரைந்து வையுங்கள். நோட்டு இல்லாதவர் இந்த வேலைக்கே வரக் கூடாது! கோபுரத்தை அடுத்த வாரம் சின்ன லென்ஸால் எடுத்தாலும் சரி, ஃபிலிம் ஞாபகம் வைத்திருக்கும். நிலா வரும் இடத்தில் வானம் இருட்டாக இருந்தால் போதும்.

கே: போட்டோஷாப்பில் இரண்டு நிமிஷ வேலைதானே? (சென்னை வாசகர்)

ப: ஆமாம். எனக்கு ஷட்டர் சத்தம் வேண்டும்.

கே: காலமான அப்பாவின் பெட்டி கேமராவில் பாதி ஓடிய ரோல் இருக்கிறது. பின்புறச் சன்னலில் 7 தெரிகிறது. அவர் எடுத்ததன் மேலேயே நானும் எடுத்து, இருவரும் ஒரே ஃபிரேமில் இருக்க நினைக்கிறேன். செய்யலாமா? (கோவை வாசகி)

ப: வேண்டாம் அம்மா. 7-ஐ அவர் எடுத்துவிட்டாரா, எடுக்கத்தான் திருகி வைத்தாரா என்று யாருக்கும் தெரியாது. அந்தப் பெட்டிகளில் பூட்டு இல்லை, நான் கொண்டாடும் அதே குணம்தான். அவர் பார்த்ததன் மேல் நீங்கள் வெளிச்சம் போட்டால் அதைத் திரும்பப் பிரிக்க முடியாது. ஷட்டரைத் தொடாதீர்கள். குமிழைக் கடைசிவரை, தாள் முழுதும் சுற்றிக்கொண்டு கை லேசாகும் வரை, மெல்லத் திருகுங்கள். இருட்டறையில் திறந்து, ரோல் தளராமல் பிடித்து, நுனித்தாளை ஒட்டுங்கள். பழைய ஃபிலிம் கழுவிப் பழக்கமுள்ள லேபில் கொடுங்கள். கலர் நெகட்டிவாக இருந்தால் கறுப்பு வெள்ளையாகவே கழுவச் சொல்லுங்கள். வருஷங்கள் ஓடிய ரோலில் அப்படித்தான் ஏதாவது மிஞ்சும். படம் வந்தால், அதே இடத்தில் நின்று புது ரோலில் நீங்கள் எடுங்கள். இரண்டு நெகட்டிவையும் அடுக்கி ஒரே பிரிண்ட் போடலாம். அவருடைய நெகட்டிவுக்கு ஒன்றும் ஆகாது.

கே: 35 எம்.எம். கேமராவில் இதெல்லாம் எப்படி? (வேலூர் வாசகர்)

ப: இந்த வாரம் 120-க்கு மட்டும். கேமராவின் மாடல் பெயரோடு அடுத்த வாரம் எழுதுங்கள்.